அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையிலிருந்து வடக்கே பிரிந்து, தம்புச் செட்டித் தெருவுக்கும் லிங்கிச் செட்டித் தெருவுக்கும் இணையாகச் செல்லும் தெரு ஒன்றை ஆங்கிலத்தில் ஆர்மேனியன் ஸ்ட்ரீட் என்றும் தமிழில் அரண்மனைக்காரன் தெரு என்றும் வழங்குவர். அரண்மனைக்கும் இத்தெருவுக்கும் தொடர்பில்லை. ஆர்மேனியன் என்னும் அயற்சொல்லைக் கேட்ட உள்ளூர் மக்கள், ஒலியால் அதற்கு அணுக்கமான தமிழ்ச் சொல்லை எடுத்து ஆண்டதால், பொருள் முற்றிலும் மாறியபோதும் பெயர் நிலைத்தது. ஆர்மேனியர் இங்கிருந்து மறைந்த பின்னும் அவர்களின் பெயரைத் தமிழ்ச் செவி இவ்வாறு தன் போக்கில் காத்துவருகிறது.

பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் தலைநகராகிய இஸ்பஹானுக்கு அருகில் ஆர்மேனியரைக் குடியேற்றியபோது புதிய ஜுல்பா என்னும் நகரம் உருவாயிற்று. பட்டு, மணிக்கற்கள், துணி ஆகியவற்றில் ஆசியா முழுவதும் வணிகம் நடத்திய அந்நகரத்தாரே சென்னைக்கும் வந்தனர். 1688இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கை, கம்பெனியின் குடியிருப்புகளில் 40 ஆர்மேனியர் சேர்ந்தால் அவர்களுக்குத் தேவாலயம் அமைக்க இடம் வழங்கவும், குருவுக்கு ஏழாண்டுகள் ஊதியம் அளிக்கவும் உறுதியளித்தது. வணிகத்துக்குச் சமயத்தைத் துணையாக்கிய அவ்வாக்குறுதி, 1712இல் சென்னையில் ஒரு தேவாலயமாயிற்று.

அத்தேவாலயம் இன்றுள்ள தெருவில் இருக்கவில்லை. கோட்டையை ஒட்டி, இன்று உயர் நீதிமன்ற வளாகம் அமைந்திருக்கும் பகுதியில், இந்திய வணிகரும் பிறரும் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1749இல் அதைத் திருப்பியளித்தபின், கோட்டைப் பீரங்கிகளுக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும் எனக் கருதிய ஆங்கிலேயர் அவ்வூரின் எஞ்சிய பகுதிகளையும் படிப்படியாக அழித்தனர். மக்கள் வடக்கே குடியேறினர். அப்புதிய கறுப்பர் நகரமே 1911இல் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாறியது. ஆர்மேனியர் 1772இல் தங்கள் கன்னி மரியாள் தேவாலயத்தை இங்கு மீண்டும் எழுப்பினர். கோயிலைவிட்டுத் தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. அவற்றுள் இரண்டு, லண்டனில் தாமஸ் மியர்ஸ் என்னும் வார்ப்பாளரால் 1837இல் வார்க்கப்பட்டவை. மற்றொன்றில் தமிழ் எழுத்துகள் காணப்படுகின்றன.

இத்தெருவோடு தொடர்புடைய ஆர்மேனியருள் வணிகத்தாலும் வள்ளன்மையாலும் நினைக்கப்படுபவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். மணிலா வணிகத்தில் பொருளீட்டிய அவர், 1726இல் அடையாற்றின் குறுக்கே, இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்குமிடத்தில், மர்மலாங் பாலத்தைத் தம் செலவில் கட்டினார். பரங்கிமலைப் படிக்கட்டுகளும் அவர் கொடையே.

ஆயினும், பாலத்தைவிட நீண்ட வாழ்வுடைய கொடை அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. 1772இல் ஷாமிர் ஷாமிரியன் என்னும் வணிகர் சென்னையில் ஆர்மேனிய மொழி அச்சகம் ஒன்றை நிறுவினார். பாரசீகத்துக்கும் துருக்கிக்கும் இடையே துண்டாடப்பட்டு, தனக்கென ஓர் அரசில்லாது கிடந்த தம் தாய்நாடு ஒருநாள் விடுதலை பெற்றால் அது எவ்வாறு ஆளப்பட வேண்டும் என்பதை, வருங்கால ஆர்மேனியக் குடியரசுக்கான சட்டங்களாக வகுத்துரைக்கும் நூல் அவ்வச்சகத்தில் வெளிவந்தது. தலைப்புப் பக்கம் குறிக்கும் ஆண்டு 1773. பல்லாயிரம் கல் தொலைவில், வங்கக் கடலோரத்தில் துணி வணிகம் செய்தவர் கையில் நாடொன்றின் அரசியல் சட்டம் உருப்பெற்றது சென்னை வரலாற்றின் பெருமைக்குரிய பக்கம். நகர வரலாறுகள் அதற்கு இன்னும் கூடுதல் இடமளித்திருக்க வேண்டும்.

அவ்வழியில் வந்தவர் இத்தேவாலயத்தின் குருவாக விளங்கிய ஹாருத்யூன் ஷ்மாவோனியன். ஈரானின் ஷிராஸ் நகரத்தவரான அவர், தம் மைந்தர் இருவரையும் இழந்த துயரிலிருந்து மீண்டு, 1794இல் ‘அஸ்தரார்’ என்னும் மாத இதழைச் சென்னையிலிருந்து வெளியிட்டார். உலகில் ஆர்மேனிய மொழியில் வந்த முதல் இதழ் அதுவே. சந்தை நிலவரமும் கப்பல் செய்தியும் அரசியல் நிகழ்ச்சிகளும் தாங்கிய அவ்விதழ் 1796 வரை, 18 இதழ்கள் மட்டுமே வந்து நின்றுபோயினும், ஆர்மேனிய இதழியலின் பிறப்பிடம் எது என்ற வினாவுக்குச் சென்னை என்னும் விடையை நிலைநாட்டிச் சென்றது.

ஆர்மேனியருக்கு அப்பாலும் தெரு வளர்ந்தது. முன்பு தலைமைப் பேராலயமாகவும், 1952இல் சென்னை, மயிலாப்பூர் மறைமாவட்டங்கள் இணைந்தபின் இணைப் பேராலயமாகவும் விளங்கும் தூய மரியன்னை ஆலயம் இங்குள்ளது. மக்கள் அதை அந்தோனியார் கோயில் என்றே அறிவர்; செவ்வாய்க்கிழமைகளில் எல்லாச் சமயத்தாரும் அங்குத் திரள்கின்றனர். அன்னி பெசன்ட் நிறுவிய இளைஞர் இந்தியச் சங்கத்தின் கோகலே மண்டபம் ஹோம் ரூல் எனப்பட்ட தன்னாட்சி இயக்கத்தின் உரைகளையும், பிற்காலத்தில் கர்நாடக இசைக் கச்சேரிகளையும் கேட்டது. ஆலைகளால் பெயர் பெற்ற பின்னி நிறுவனத்தின் அலுவலகமும் இத்தெருவில்தான் இருந்தது.

நகரில் ஆர்மேனியச் சமூகம் என ஒன்று இன்று இல்லாததால், கொல்கத்தாவிலுள்ள ஆர்மேனியத் தேவாலய அமைப்பின் பொறுப்பில் கன்னி மரியாள் தேவாலயம் பேணப்படுகிறது. கடைகளும் சுமைவண்டிகளும் நெருக்கும் தெருவிலிருந்து வாயிலைக் கடந்தால், கல்லறைக் கற்கள் தரையாகவே பாவப்பட்ட முற்றம் விரிகிறது. அக்கற்களிடையே 1824இல் மறைந்த ஷ்மாவோனியனின் கல்லறையும் உள்ளது.