பக்கத்து இருக்கையில் ஓர் ஆசிரியர்

கனமான லாரி ஒன்றும் சிறிய கார் ஒன்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. மோதும்போது லாரி காரின்மீது செலுத்தும் விசை பெரிதா? கார் லாரியின்மீது செலுத்தும் விசை பெரிதா? அல்லது இரண்டும் சமமா? மேலே படிக்குமுன் உங்கள் விடையை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இரண்டும் சமம் என்பதே சரியான விடை. நியூட்டனின் மூன்றாம் விதி கூறுவதும் இதுவே. அப்படியானால் கார் மட்டும் ஏன் அதிகம் பாதிக்கப்படுகிறது? லாரியின் நிறை 10,000 கிலோகிராம், காரின் நிறை 1,000 கிலோகிராம் எனக் கொள்வோம். விசை ஒன்றேயானாலும், காரின் திசைவேகம் லாரியினுடையதைப் போல் பத்து மடங்கு மாறுகிறது. காரில் இருப்போருக்கு ஆபத்து மிகுவதற்கு இது முக்கியக் காரணம்.

விதியை வரி பிசகாமல் ஒப்பிப்பவர்களும் இக்கேள்வியில் தவறுவதுண்டு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1984 முதல் இயற்பியல் கற்பித்துவந்த எரிக் மசூர், இத்தகைய கேள்விகளைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கடினமான கணக்குகளைப் போட்டவர்கள்கூட எளிய கருத்துகளில் தடுமாறினர். ஆசிரியர் தெளிவாகப் பேசினால் போதும் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது.

1991-இல் அவர் முறையை மாற்றினார். முதலில் சிறு விளக்கம். பிறகு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியே சிந்தித்து விடையளிப்பர். விடைகள் வேறுபட்டால், பக்கத்தில் இருப்பவருடன் வாதாடி மீண்டும் விடையளிப்பர். இறுதியில் ஆசிரியர் விளக்குவார். இதனால் என்ன நன்மை? இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவருக்குத் தாம் இடறிய இடம் நன்கு நினைவிருக்கும். பல்லாண்டு கற்பித்த ஆசிரியருக்கோ அது மறந்து போயிருக்கும்.

மாணவர் பங்கேற்கும் இத்தகைய வகுப்புகளின் பயனை ரிச்சர்டு ஹேக் அளந்து பார்த்தார். 62 வகுப்புகளில் பயின்ற 6,542 மாணவர்களைப் பற்றிய அவரது ஆய்வு 1998-இல் வெளிவந்தது. தொடக்கத் தேர்வில் தவறவிட்ட மதிப்பெண்களுள், வெறும் சொற்பொழிவு கேட்ட வகுப்புகள் பாட முடிவில் சராசரியாக 23 விழுக்காட்டையே ஈட்டின. சிந்தித்து விவாதித்த வகுப்புகளோ 48 விழுக்காட்டை ஈட்டின.

சரி, இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமா? பொத்தானை அழுத்தி விடை தெரிவிக்கும் ‘கிளிக்கர்’ என்னும் கருவி பல நாடுகளில் பரவியது. கனடாக் கல்லூரி ஒன்றில் நத்தானியேல் லாஸ்ரி ஒரு வகுப்பினருக்குக் கிளிக்கரையும், இன்னொரு வகுப்பினருக்குச் சாதாரண அட்டைகளையும் கொடுத்துக் கற்பிக்கச் செய்தார். கற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதே 2008-இல் வெளியான முடிவு. கருவி விடைகளை நொடியில் எண்ணித் தருகிறது. ஆசிரியருக்கு அது உதவிதான். ஆனால் கற்பிப்பது கேள்வியும் வாதமுமே. எனவே கருவி வாங்க வசதியில்லாத பள்ளியும் அட்டைகளைக் கொண்டு இன்றே தொடங்கலாம்.

நீங்களும் தொடங்குங்கள். மேல்நோக்கி எறிந்த நாணயம் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அக்கணத்தில் அதன்மீது விசை ஏதேனும் செயல்படுகிறதா? நீங்கள் ஒரு விடை எழுதுங்கள். உங்கள் நண்பரும் எழுதட்டும். விடைகள் வேறுபட்டால், நாணயத்தின் எடை அப்போது எங்கே போயிற்று என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள்.