பிரிந்த பெற்றோரும் கல்லூரி உதவிப் படிவமும்

ஐக்கிய அமெரிக்காவிலே கல்லூரி செல்ல விழையும் மாணவர் அரசாங்கத்தின் பண உதவியைப் பெற ஒரு படிவத்தை நிரப்புதல் வேண்டும். அதன் பெயரைச் சுருக்கி 'ஃபாஃப்ஸா' என்பர். திருப்பிச் செலுத்த வேண்டாத 'பெல்' நன்கொடைக்கும் இதுவே வாயில். 2024-25 கல்வியாண்டில் அந்நன்கொடையின் உச்சத் தொகை 7,395 டொலர். குடும்ப வருமானம் ஏறினால் அது குறையும், அற்றும் போகும்.

தாயும் தந்தையும் கூடி வாழும் இல்லத்திலே இப்படிவத்தால் பெருந்தொல்லை இல்லை. பிரிந்த இல்லத்திலேதான் சிக்கல் பிறக்கிறது. படிவம் இருவேறு காலங்களை ஒருங்கே வினவுவதே காரணம். மணநிலையைக் கையொப்பமிடும் நாளில் உள்ளவாறு எழுத வேண்டும். வருமானமோ ஏறத்தாழ ஈராண்டுக்கு முற்பட்டது. 2026-27 கல்வியாண்டுக்கான படிவம் 2024ஆம் ஆண்டின் வருமானத்தையே கேட்கிறது.

ஓர் உதாரணம் காண்போம். 2024இல் கணவனும் மனைவியும் கூட்டாக வரிக்கணக்குக் காட்டினர்; மொத்தம் 96,000 டொலர். 2025இல் பிரிந்தனர். மகளின் படிவத்தை நிரப்பும் தாய் அந்த 96,000ஐ எழுதலாமா? எழுதலாகாது. அதில் தன் பங்கை மட்டுமே எழுத வேண்டும். தொழில்கொள்வோர் ஒவ்வோர் ஊழியருக்கும் தனித்தனியே வழங்கும் 'டபிள்யூ-2' என்னும் சம்பளப் பத்திரம் இங்கே கைகொடுக்கும். அவளுடைய பத்திரத்தில் 37,400 டொலர், கணவனுடையதில் 58,000. எஞ்சிய 600 கூட்டுக் கணக்கின் வங்கி வட்டி. அதிற் பாதி அவளுக்கு. ஆக, 37,700. செலுத்திய வரியையும் அதே விகிதத்தில், நூற்றுக்கு 39 வீதமளவில், பிரித்துக்கொள்ளலாம். கூட்டுத் தொகையை அப்படியே எழுதிவிடும் தாய், தன்னிடம் இல்லாத பணத்தைக் காட்டி மகளின் உதவியைத் தானே குறைத்தவளாவாள்.

நீதிமன்றத் தீர்ப்பு வேண்டாமா என நேயர்கள் வினவலாம். வேண்டியதில்லை. தனித்தனி இல்லங்களில் வாழத் தொடங்கினாலே பிரிவாகக் கொள்ளப்படும். ஆனால் மனம் முறிந்தும், வீட்டு வாடகைக்கு அஞ்சி ஒரே கூரையின்கீழ்த் தங்கியிருப்போர் பிரிந்தவராகார். இருவர் வருமானமும் சேரும். வறியவர்மீதே இவ்விதி கடுமையாக விழுகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

படிவத்தை நிரப்ப வேண்டியவர் தாயா, தந்தையா என்பதிலும் விதி மாறியிருக்கிறது. முன்னர், பிள்ளை எவருடன் அதிக நாள் வாழ்ந்ததோ அவர். 2024-25 முதல், கடந்த பன்னிரண்டு மாதங்களில் பிள்ளைக்கு அதிகப் பணம் செலவிட்டவர். தாயின் வீட்டிலே வளரும் பிள்ளைக்குத் தந்தை மிகுதியாகச் செலவிட்டால், தந்தையின் வருமானமே கணக்காகும். பிள்ளைப் பராமரிப்புக்காக வரும் பணம் இப்போது வருமானமாக அன்றிச் சொத்தாக எழுதப்படுகிறது. சில தனியார் கல்லூரிகள் வேறொரு படிவமும் கோரி, பிரிந்த இருவரிடமும் கணக்குக் கேட்பதுண்டு.

பிரிவின்பின் தாய் வேலையையும் இழந்தால் 2024ஆம் ஆண்டின் கணக்கு உண்மை நிலையைக் காட்டாது. அப்போது கல்லூரியின் நிதியுதவி அலுவலருக்கு நிலைமையை விளக்கிக் கடிதம் எழுதி, வேலை நீங்கிய சான்று, புதிய வாடகை ஒப்பந்தம் முதலியவற்றை இணைத்தல் வேண்டும். கணக்கைத் திருத்தும் அதிகாரம் சட்டப்படி அவருக்கு உண்டு. அவர் மறுத்தால், கல்வித் திணைக்களத்துக்கு மேன்முறையீடு செய்ய இடமில்லை.