தமிழ்நாட்டுப் பேருந்து மோடுகள்

மோட் என்பது வெளிவந்துவிட்ட நிகழ்பட விளையாட்டில் அதை ஆடுபவர்களே செய்யும் மாற்றம் ஆகும். புதிய வண்டி, வண்ணம், ஒலி, சாலை என எதையும் இவ்வாறு சேர்க்கலாம். தமிழ்நாட்டில் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு பேருந்து மோடுகள்.

இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்னும் கைப்பேசி விளையாட்டு, பிறர் உருவாக்கிய வண்டிகளையும் ஏற்கிறது. அதனால் பழைய பச்சை நிற அரசுப் பேருந்து முதல் தனியார் பேருந்து வரை அதில் ஓடுகின்றன. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே உள்ள சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தைத் தேசிய நெடுஞ்சாலை 744-இல் அன்றாடம் கடக்கும் மாணவர், அதே சாயலுள்ள பேருந்தைக் கைப்பேசியில் ஓட்டலாம். ஆனால் மூல விளையாட்டில் உள்ளவை இந்தோனேசியச் சாலைகளே. வண்டி மட்டும்தான் நம்மூருடையது.

வண்டியின் மேல் ஒட்டும் வண்ணப் படத்தைக் கைப்பேசியிலேயே வரைந்துவிடலாம். முழு வண்டியைச் செய்வது கடினம். பிளெண்டர் போன்ற மென்பொருளில் முப்பரிமாண உருவம் அமைத்து, கதவு, விளக்கு, சக்கரம் ஒவ்வொன்றையும் தனியே பொருத்த வேண்டும்.

இந்த உழைப்பு நிற்கும் தரை பிறருடையது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பு வகையில் சேர்த்துப் பாதுகாக்கிறது. எனவே மூல விளையாட்டை மாற்ற உரிமையாளரின் இசைவு தேவைப்படும். இசைவு உள்ள இடத்திலும் ஒரு புதுப்பிப்பு பழைய மோடுகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும். 'ஃபால்அவுட்: லண்டன்' என்னும் பெரிய மோட் 2024 ஏப்ரலில் வெளிவர இருந்தது, மூல விளையாட்டின் புதுப்பிப்பு குறுக்கிட்டதால் சூலை வரை தள்ளிப்போனது. 2017-இல் டேக்-டூ நிறுவனம் 'ஓபன்ஐவி' என்னும் மோட் கருவியை நிறுத்தச் சொன்னது. ஆட்டக்காரர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் அந்தக் கருவி மீண்டது. மறுபக்கமும் உண்டு: 1999-இல் மோடாகத் தொடங்கிய 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' பின்னர் வால்வ் நிறுவனத்தின் தனி விளையாட்டாயிற்று. அத்தகைய வாய்ப்பு அரிது.

பேருந்து மோடுகளுக்கு இன்னொரு பயனும் உண்டு. அரசுப் பேருந்துகளின் நிறமும் உடலமைப்பும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2023-இல் புதுப்பிக்கப்பட்ட பேருந்துகள் மஞ்சள் நிறம் பெற்றன. கழிக்கப்பட்ட வண்டியின் இருக்கை வரிசை, படிக்கட்டு, பெயர்ப்பலகை ஆகியவற்றைக் கவனமாகச் செய்த மோட் ஓர் ஆவணம் போன்றது. ஆனால் இவை பெரும்பாலும் தற்காலிகக் கோப்புப் பகிர்வு இணைப்புகளில்தான் கிடைக்கின்றன. இணைப்பு அழிந்தால் வண்டியும் போயிற்று. தம் உழைப்பைப் பிறர் தமது பெயரில் வெளியிடுவதைத் தடுக்க, சிலர் கோப்பைப் பூட்டியும் தருகின்றனர். அது நியாயமான அச்சமே. ஆயினும் மூலக் கோப்பு செய்தவரிடம் மட்டுமே இருந்தால், அவர் விலகிய பின் விளையாட்டின் புதிய பதிப்புக்கு ஏற்ப அந்த வண்டியைத் திருத்துவது பிறருக்கு மிகக் கடினம்.