கலங்கரை விளக்கத்துக்கு வண்ணம் பூசுவது

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கேப் ஹட்டராஸ் முனையில் சுமார் 60 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது ஒரு செங்கல் கலங்கரை விளக்கம். 1870-இல் கட்டியது. கறுப்பில் இரண்டு, வெள்ளையில் இரண்டு எனப் பட்டைகள் கோபுரத்தை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி மேலேறுகின்றன. 1873-இல் மாலுமிகளுக்காகப் பூசிய அடையாளம் அது.

இரவில் விளக்கு மின்னும் விதத்தை வைத்தே எந்த முனை என்று மாலுமிகள் சொல்லிவிடுவார்கள். பகலில்? அந்தக் கரை முழுக்கத் தட்டையான மணல் திட்டுகள். அடையாளம் சொல்ல ஒரு குன்றுகூடக் கிடையாது. அந்தக் கரையிலுள்ள மற்ற கோபுரங்களும் ஏறத்தாழ இதே சாயல். ஆகவே பாடி தீவுக்குக் கிடைப்பட்டைகள், கேப் லுக்அவுட்டுக்குச் சாய்சதுரங்கள். லுக்அவுட்டில் கறுப்புச் சாய்சதுரங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும், வெள்ளை கிழக்கையும் மேற்கையும். திசையும் சேர்ந்தே தெரிந்துவிடுகிறது! 1875-இல் எழுந்த கரிடக் கோபுரத்துக்குப் பூச்சே இல்லை. வெறும் செங்கல் சிவப்புதான் அதன் அடையாளம்.

பூசுவதில் உள்ள நிஜமான சிக்கல் ஈரம். கடற்காற்றின் ஈரமும் உப்பும் செங்கலுக்குள் இறங்கிவிடும். மேலே காற்றுப் புகாத பெயின்ட் இருந்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்பு படிகமாகி, பூச்சைத் தள்ளிக்கொண்டு செங்கலின் மேற்பரப்பையும் உதிர்த்துவிடும்.

பழைய வெள்ளைக்கு இந்தக் கேடு இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கலங்கரை விளக்கங்களுக்கு அடித்த கலவை இது: கொதிநீரில் நீற்றிய சுண்ணாம்பு, உப்பு, அரைத்துக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி, சுண்ணக்கட்டித் தூள், வச்சிரம். நம் ஊரில் வெள்ளையடித்துப் பழகியவர்களுக்கு இதில் பாதி தெரிந்த சரக்கு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகுகிறது. ஆனால் ஈரம் ஆவியாகி வெளியேற நுண்துளைகளை விட்டுவைக்கிறது.

அது நிதானமாகக் காய வேண்டும். கோடை வெயிலில் அடித்தால் இறுகுமுன் உலர்ந்து பொடியாக உதிரும். உறைபனி பட்டாலும் கெட்டுவிடும். வெயில் தணிந்து, பனி தொடங்காத இலையுதிர் காலம் இதற்குத் தோதானது. ஆனால் அட்லாண்டிக் கரையில் அதுவே புயல் காலமும்கூட. நவம்பர் முடியும்வரை நீளும். வானிலை பார்த்துத்தான் சாரம் ஏற முடியும்.

கடலோரத்தில் பழைய செங்கல் கட்டடம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். பெயின்ட் வாங்கும்போது நிறத்தைப் பார்க்குமுன், அது சுவரின் ஈரத்தை வெளியே விடுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.