முந்நூறு கிலோமீட்டர் வேகம், மிச்சம் 19 நிமிடம்

மூன்று மண்டல விரைவு ரயில் தடங்களுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு நடத்தப்படும் என்று தமிழக அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக விழுப்புரம் ஒன்று. காஞ்சிபுரம் வழியாக வேலூர் ஒன்று. கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு வழியாகச் சேலம் மூன்றாவது. வேகம் மணிக்கு 160 கி.மீ. வரை. இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் டீக்கடையில் எழும் கேள்விதான் இப்போதும் எழுகிறது: "ஜப்பான்காரன் 320ல போறான், நமக்கு 160 தானா?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கோவை–சேலம் தடம் 185 கி.மீ. மணிக்கு 300 கி.மீ. என்றால் 37 நிமிடம். சேலத்தில் மாம்பழம் வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குக் கோவை திரும்பிவிடலாம். ஆனால் இந்தக் கணக்கில் ரயில் எந்த ஊரிலும் நிற்கவில்லை. போதாக்குறைக்கு, கோவையில் கிளம்பும் நொடியிலேயே 300-இல் ஓடிக்கொண்டிருக்கிறது.

நிஜ ரயில் தேர் மாதிரி. நிலையிலிருந்து அசைக்க ஊரே வடம் பிடிக்க வேண்டும். அசைந்துவிட்டால் சுலபம் என்று நினைப்போம். சிக்கலே அப்போதுதான் தொடங்குகிறது. தேர் வேகமெடுத்தால் இழுப்பவர்களும் ஓடியாக வேண்டும். ஓடுகிற ஆள் காலை ஊன்றி இழுக்க முடியாது, வடம் தளர்ந்துவிடும். ரயில் மோட்டாருக்கும் இதே கதிதான். திறன் என்பது இழுவிசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. மோட்டாரின் திறனுக்கு ஓர் உச்சம் உண்டு என்பதால், அதை எட்டிய பிறகு வேகம் ஏற ஏற இழுவிசை இறங்கும். எதிரே காற்றோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் தடுக்கிறது. ஆகவே 200-இலிருந்து 300-க்கு ஏறும் கடைசி நூறு, முதல் நூறைப் போலச் சுளுவாக வராது.

இவ்வளவு பாடுபட்டு ஓடவிட்ட தேரை, அடுத்த வீட்டுக்காரர் தீபாராதனைக்கு நிறுத்தச் சொல்கிறார். முட்டுக்கட்டை விழுகிறது. இன்றைய ரயிலில் முட்டுக்கட்டை போடுகிறவரே கொஞ்சம் வடமும் பிடித்துக் கொடுக்கிறார்: பிரேக் போடும்போது மோட்டார் மின்னாக்கியாக மாறி, மின்சாரத்தை மேலே உள்ள கம்பிக்கே திருப்பி அனுப்புகிறது. மின்சாரத்தில் ஒரு பங்கு திரும்பி வரும். போன நேரம் வராது. தெருவில் எத்தனை வீடோ அத்தனை தீபாராதனை, ஒவ்வொருவருக்கும் ஒரு சிபாரிசு. ரயில் நிறுத்தக் கோரிக்கைகளின் வரலாறும் ஏறக்குறைய இதுதான்.

இனிக் கணக்கு. 300-ஐ எட்டச் சராசரியாக நொடிக்கு நொடி 0.3 மீட்டர் முடுக்கம், நிற்க 0.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேகமெடுக்க மட்டும் பதினொன்றரை கி.மீ. வேண்டும், நிற்க ஏழு கி.மீ. இரண்டு நிலையங்களுக்கு இடையே பதினெட்டரை கி.மீ. இல்லையென்றால் அந்த ரயில் 300-ஐ எட்டாது. கோவைக்கும் சேலத்துக்கும் நடுவே சம தூரத்தில் ஐந்து நிறுத்தங்கள், தலா இரண்டு நிமிடம் என்றால், 37 நிமிடப் பயணம் 69 நிமிடமாகிவிடுகிறது. அதே நிறுத்தங்களோடு 160 கி.மீ. ரயிலை ஓட்டிப் பாருங்கள்: வேகம் குறைவு என்பதால் இதற்கு 0.5 மீட்டர் முடுக்கம் கட்டுப்படியாகும். அது 88 நிமிடத்தில் போய்ச் சேரும். வேகத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கி நாம் சம்பாதித்தது 19 நிமிடம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ரயிலுக்கு ஊட்ட வேண்டிய இயக்க ஆற்றலோ மூன்றரை மடங்கு.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. டோக்கியோ–ஷின்-ஒசாகா தடத்தில் சில ஊர்களில் மட்டும் நிற்கும் நொசோமி ரயில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடுகிறது. 17 நிலையங்களிலும் நிற்கும் கொடாமாவுக்கு நான்கு மணி நேரம் ஆகிறது. தண்டவாளம் ஒன்று, ரயில் வகையும் ஒன்று. வேகமான ரயில்களுக்கு வழிவிட ஒதுங்கி நிற்பதும் கொடாமாவின் தலையெழுத்து. நம் மும்பை–அகமதாபாத் அதிவேக ரயில் திட்டமும் இதை ஒப்புக்கொள்கிறது: 508 கி.மீ., 12 நிலையங்கள். சிலவற்றில் மட்டும் நின்றால் 2 மணி 7 நிமிடம், எல்லாவற்றிலும் நின்றால் 2 மணி 58 நிமிடம். விளம்பரங்களில் எந்த எண் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோ–ஒசாகா தடம் மணிக்கு 210 கி.மீ. வேகத்தில் தொடங்கியது, 1981-இல் பிரான்ஸ் பாரிஸ்–லியோன் தடத்தைத் திறந்தது. இரண்டும் பெருநகரங்களை இணைத்தவை. பிரான்ஸ் பின்னாளில் அமியான், சான்-குவாந்தான் என்ற இரண்டு ஊர்களுக்கும் பொதுவாக ஒரு நிலையத்தைக் கட்டியது. அது இரண்டு ஊரிலும் இல்லை. சர்க்கரை பீட்ரூட் வயல்களின் நடுவே இருக்கிறது. ரயிலில் மிச்சம் பிடித்த நேரத்தைக் காரில் செலவழிக்க வேண்டியதுதான்.

அப்படியென்றால் நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது? மெதுவாகப் போகும் இடங்களில். பத்து கி.மீ. தூரத்தை 200-க்குப் பதில் 300-இல் கடந்தால் மிச்சம் ஒரு நிமிடம். அதே பத்து கி.மீ.யில் ரயில் 30-இல் ஊர்ந்துகொண்டிருந்து, அதை 60 ஆக்கினால் மிச்சம் பத்து நிமிடம். சென்னை–கோவை வந்தே பாரத் 2023-இல் தொடங்கியபோது 495 கி.மீ. தூரத்துக்கு 5 மணி 50 நிமிடம் எடுத்துக்கொண்டது; சராசரி 85 கி.மீ. அந்த ரயிலோ 180 கி.மீ. வேகத்துக்கு வடிவமைக்கப்பட்டது. அதைவிட வேகமான ரயிலை வாங்கி அதே பாதையில் விட்டாலும் நேரம் பெரிதாகக் குறையாது.

160 என்பதால் மலிவு என்றும் மயங்க வேண்டாம். 82 கி.மீ. டெல்லி–மீரட் மண்டல ரயில் திட்டத்தின் மதிப்பீடு 30,274 கோடி ரூபாய். ஆனால் தினமும் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவருக்கு, உச்ச வேகத்தைவிடப் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி, ஊருக்குள்ளேயே நிலையம், இறங்கிய இடத்தில் பேருந்து ஆகிய மூன்றும்தான் அதிக நேரத்தை மிச்சப்படுத்தும். அடுத்த முறை ஏதாவது ரயில் திட்டம் அறிவிக்கப்பட்டால், எவ்வளவு வேகம் என்பதை விட்டுவிட்டு எத்தனை நிறுத்தம், ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை வைத்து மிச்சமாகும் நேரத்தை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.