பூர்வீகத்தைத் தேடி

கிள்ளான் தோட்டங்களுக்கும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளுக்கும் வந்த தமிழர் பலர், நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அதற்கு முன் வந்தோரின் பிள்ளைகளுள் எஞ்சியிருப்போர் முதுமையின் விளிம்பில் உள்ளனர்.

பூர்வீக ஊரைக் கண்டறிவது எளிதன்று. அடையாள அட்டையிலுள்ள 'அனாக் லெலாக்கி' தந்தையின் பெயரோடு நின்றுவிடும். தாத்தாவின் பெயருக்கு அப்பாவின் பிறப்புப் பத்திரம் வேண்டும். அதிலும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், லட்சுமி லெச்சுமியாகியிருப்பாள்!

அமெரிக்காவில் குடியேறிய நார்வே மக்களும் தந்தையின் பெயரையே தாங்கினர். ஆயினும், பலர் பிறந்த பண்ணையின் பெயரையும் சேர்த்துக்கொண்டதால் பேரப்பிள்ளைகளுக்குத் தேடல் எளிதாயிற்று. தமிழருக்கு அவ்வாறு உதவக்கூடியவை பழைய கடப்பிதழ், ஊர்க் கடிதங்களின் அஞ்சல் முத்திரை, குலதெய்வத்தின் பெயர். மாரியம்மன் என்றால் போதாது. எந்த ஊர் மாரியம்மன் என்பதைப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.