மனோசக்திக்கு என்ன விலை?

அறுபது நிறைந்தவர்களும் எண்பதைத் தொட்டவர்களும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புடைசூழ வந்து, கலசநீர் அபிஷேகம் பெற்று, மாலை மாற்றி, மறுபடியும் மாங்கல்யதாரணம் செய்துகொண்டு திரும்புகிற திருக்கடையூரில், வரம் என்பதும் அந்த வரத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை என்பதும் ஊர்ப்பேச்சிலேயே ஊறிப்போன விஷயங்கள். மந்தபுத்தியோடு நெடுங்காலம் வாழும் மகன் வேண்டுமா, சகல குணங்களும் நிறைந்து பதினாறே ஆண்டு வாழும் மகன் வேண்டுமா என்று மிருகண்டு முனிவரிடம் கேட்கப்பட்டதும், அவர் பின்னவனையே வேண்டிப் பெற்று மார்க்கண்டேயனுக்குத் தந்தையானதும், காலசம்ஹார மூர்த்தியின் சந்நிதிக்கு வந்த எவரும் கேளாமல் போகாத கதை. ஆகவே, மேனாட்டில் பிறந்து இன்று நம் பெருநகரங்களிலும் ஆடப்படுகிற ஒரு மேஜை விளையாட்டில், மனத்தின் சக்தி ஒன்றையே ஆயுதமாகக் கொண்ட புதிய பாத்திரவகை நுழைந்தபோதெல்லாம் ஆட்டக்காரர்களிடையே எழுந்திருக்கிற சச்சரவு, இவ்வூரில் வளர்ந்தவன் காதுக்கு அந்நியமாக ஒலிப்பதில்லை.

அவ்விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 1974-ல் வெளிவந்தது. ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர். பரமபதத்திலோ தாயத்திலோ உள்ளதுபோல ஒருவரை ஒருவர் முந்திக் கரையேறுவது இங்கே நோக்கமன்று. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, வாய்ச்சொல்லாலேயே காடு கடந்து, கோட்டை புகுந்து, பூதங்களோடு பொருவார்கள். எண்ணியது கைகூடிற்றா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். ஒவ்வொரு பாத்திரமும் ஒரு ‘கிளாஸை’ச் சேர்ந்தது: வாள்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று. அவரவர்க்கு அவரவர் வித்தை உண்டு. அந்தந்த வித்தைக்கு அதற்கேற்ற குறையும் உண்டு. மந்திரவாதி நெருப்பு மழை பொழிவிப்பான். ஆனால் அன்றைக்கு மனனம் செய்த மந்திரங்கள் தீர்ந்துவிட்டால் அவன் வெறுங்கையன். வீரனுக்கு மந்திரம் வராது. அவன் வாளோ தீர்ந்துபோவதில்லை. இந்தச் சமநிலையின்மேல் நம்பிக்கை வைத்துத்தான் நாலைந்து பேர் ஒரே மேஜையைச் சுற்றி மாதக்கணக்கில் மனஸ்தாபமின்றி ஆட முடிகிறது.

இலவசமாய் வந்த வரம்

1976-ல் கைகாக்ஸும் பிரையன் புளூமும் எழுதிய ‘எல்ட்ரிச் விசார்ட்ரி’ என்ற துணைநூல், சயானிக்ஸ் எனப்படும் மனோசக்தியை இந்த உலகத்துக்குள் முதன்முதலாகக் கொண்டுவந்தது. நூல் கற்க வேண்டாம், தெய்வத்தை வழிபட வேண்டாம். நினைத்த மாத்திரத்தில் பிறர் நெஞ்சைப் படிக்கலாம், தொடாமலே பொருளை நகர்த்தலாம், எதிரியின் சித்தத்தையே தாக்கிக் கலங்கடிக்கலாம். இக்கற்பனையின் ஊற்று வாளும் குதிரையும் உலாவும் பழங்கதைகளில் இல்லை. டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் குறிச்சீட்டுகளை மறைத்து வைத்து நடத்திய பரிசோதனைகளையும், அவர் 1934-ல் வெளியிட்ட புலன்கடந்த அறிவு பற்றிய நூலையும், பிற்பாடு அவ்விஷயத்தில் மோகங்கொண்ட ஜான் காம்ப்பெல் தம் விஞ்ஞானக்கதைப் பத்திரிகையில் அதற்குக் கொடுத்த இடத்தையும் தொடர்ந்து வந்தது அது. மனப்போரில் பயன்படும் தாக்குதல்களுக்கு ‘ஈகோ விப்’, ‘இட் இன்சினுவேஷன்’ என்று ஃபிராய்டின் பரிபாஷையிலேயே பெயர் சூட்டப்பட்டிருந்தது. டிராகன் வாழும் மலைக்குகையில் வியன்னா வைத்தியரின் சொற்கள் எதிரொலிப்பதை ரசிக்க முடியாதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

எனினும் ரசனை பற்றிய அந்த ஆட்சேபத்தைவிட ஆழமானது நியாயம் பற்றிய ஆட்சேபம். 1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டின் பிற்சேர்க்கைப்படி மனோசக்தி தனியொரு பாத்திரவகையன்று. புத்தி, விவேகம், வசீகரம் என்ற மூன்றில் ஒன்றிலேனும் 16-க்குக் குறையாத மதிப்பெண் உள்ளவன், நூற்றில் ஒன்று என்ற அளவிலிருந்து தொடங்கும் வாய்ப்பை நம்பிப் பகடையை உருட்டிப் பார்க்கலாம். விழுந்தால், ஏற்கெனவே மிகுதியாக உள்ளவனுக்கே மேலும் ஒரு வரம்; அதற்காக அவன் விட்டுக்கொடுத்தது ஒன்றுமில்லை. பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழன் இதைக் கண்டு முகம் சுளித்தால் அதைப் பொறாமை என்று தள்ளிவிட முடியுமா?

கழுத்தில் கயிறு மாட்டியவர்

இந்த இடத்தில் நம் பக்கத்துக் கதை ஒன்றை வைத்துப் பார்ப்பது பிரயோஜனப்படும். திருக்கடையூர் ஈந்த அடியார் குங்கிலியக்கலய நாயனார். நாள்தோறும் குங்கிலியப் புகையிடும் தொண்டு செய்து, நிலபுலன்களை இழந்து, வீட்டில் பசி குடிபுகுந்த நிலையில், நெல் வாங்கிவர மனைவி கழற்றிக் கொடுத்த பொற்றாலியை வழியில் எதிர்ப்பட்ட வணிகனிடம் கொடுத்து ஒரு பொதி குங்கிலியம் வாங்கியவர் அவர். பின்னொரு நாள் திருப்பனந்தாளில், அரசனின் யானைகளும் சேனையும் இழுத்து நிமிர்த்த முடியாத சாய்ந்த லிங்கத்தை, தம் மெலிந்த கழுத்தில் கயிற்றை மாட்டி இழுத்து அவர் நேராக்கினார் என்கிறது பெரிய புராணம். யானைக்கு இயலாதது ஒரு மனிதனுக்கு இயன்றது என்ற செய்தியைக் கேட்பவர் எவரும் இது நியாயமா என்று கேட்பதில்லை. ஏனெனில் லிங்கம் நிமிர்வதற்கு முன்பே தாலி விற்கப்பட்டதைக் கேட்டுவிட்டோம். விலை கொடுக்கப்பட்டது நம் கண்ணெதிரில்.

காவிரிக்கரையின் மற்றொரு கதையும் இதற்கு மாறானதன்று. திருவாவடுதுறைக்கு அருகே சாத்தனூரில், இடையன் மூலன் இறந்துகிடக்க அவனைச் சூழ்ந்து கதறிய பசுக்களின் துயர் தீர்க்க அவ்வுடலில் புகுந்த யோகியார், கூடு விட்டுக் கூடு பாய்ந்த அச்செயலுக்காகத் தம் சொந்த உடலை இழந்தார். திரும்பி வந்து தேடியபோது அது இருந்த இடத்தில் இல்லை. திருமூலர் என்று நாம் வணங்கும் பெயரே அந்த நஷ்டத்தின் பயன். பதஞ்சலியின் யோகசூத்திரமோ, தன் மூன்றாம் பாதத்தில் சித்திகளை வரிசையாக விவரித்துக்கொண்டே வந்து, அவை சமாதிக்கு இடையூறு என்று எச்சரிக்கிறது. சித்தியை நம்பாத மரபன்று நம்முடையது. கணக்கில் எழுதப்படாத சித்தியைத்தான் அது நம்புவதில்லை.

பாழ்நிலத்தில் கிடைத்த வரவேற்பு

விளையாட்டை ஆக்கியோரும் தாமதமாகவேனும் இந்த ஞானத்துக்கு வந்தார்கள். 1991-ல் ஸ்டீவ் வின்டர் எழுதிய ‘தி கம்ப்ளீட் சயானிக்ஸ் ஹேண்ட்புக்’ மனோசக்தியாளனைத் தனிப் பாத்திரவகையாக்கிற்று. மந்திரவாதியின் மந்திரம் பெரும்பாலும் ஓதியவுடன் பலித்துவிடும். இவனோ ஒவ்வொரு முறையும் பகடையை உருட்டி, தன் சக்தி பலிக்கிறதா என்று சோதித்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டில் வந்த ‘டார்க் சன்’ உலகமோ இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே அதாஸ் என்னும் பாலைநிலத்தில், அடக்கமில்லாத மந்திரவாதி ஒரு மந்திரத்தை ஓதினால் சுற்றிலுமுள்ள புல்பூண்டின் உயிர் உறிஞ்சப்பட்டு மண் சாம்பலாகிவிடும். குறுவையும் சம்பாவும் பார்த்து வளர்ந்த டெல்டாக்காரனுக்கு இதைவிடக் கொடிய பாதகம் சொல்லத் தேவையில்லை. மந்திரம் நிலத்தைக் கொன்றுவிட்ட அந்த உலகத்தில், பயிரைத் தொடாத மனோசக்தி ஏறக்குறைய எல்லோரிடமும் சிறிதளவாவது இருந்தது. பிற உலகங்களில் அழையாத விருந்தாளியாக நின்ற இச்சக்தி இங்கே வீட்டாளாயிற்று. இன்றளவும் மனோசக்தியை விரும்புவோர் வாதம் செய்யத் தொடங்கினால் முதலில் உச்சரிக்கும் பெயர் டார்க் சன்தான்.

2001-ல் புரூஸ் கார்டெல் எழுதிய புதிய கையேடு, மனோசக்தியின் ஆறு துறைகளுக்கு ஆறு வெவ்வேறு குணங்களை ஆதாரமாக்கி, ஒரே பாத்திரத்தை எல்லாவற்றிலும் சிறந்தவனாக இருக்கச் சொல்லித் திணறவைத்தது. விலை இல்லாமையும் குற்றம், தாங்க முடியாத விலையும் குற்றம் என்று ஆட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள். 2004-ன் விரிவான பதிப்பு அதைச் சீர்செய்து, சயான் எனப்பட்ட மனோசக்தியாளனுக்குப் புத்தி ஒன்றே போதும் என்றாக்கிற்று. சக்தியைப் பிரயோகிக்க அவன் புள்ளிகளைச் செலவிட வேண்டும்; ஒரு சக்திக்கு எத்தனை புள்ளி செலவிடலாம் என்பதற்கும் பாத்திரத்தின் தகுதிநிலையைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு அதில் இருந்தது. அந்த ஒரு விதியை மறந்து ஆடிய மேஜைகளிலிருந்தே, மனோசக்தியாளன் மற்றெல்லாரையும் விழுங்கிவிடுகிறான் என்ற புகார் மிகுதியாகக் கிளம்பிற்று. விதி நூலில் விலை அச்சிடப்பட்டிருந்தும் மேஜையில் வசூலிக்கப்படாதபோது, அவப்பெயர் முழுவதும் பாத்திரத்தின் தலையில் விழுந்தது.

புதிய சயானும் பழைய கேள்வியும்

விளையாட்டின் ஐந்தாம் பதிப்பின் காலத்தில் ஆட்டக்காரர்களின் அபிப்பிராயமே நேரடியாக நீதிபதியாயிற்று. வெளியீட்டார் வரைவு விதிகளை முன்கூட்டி வெளியிட்டு, ஆடிப் பார்த்தோரிடம் கருத்து கேட்கும் வழக்கம் கொண்டார்கள். 2015-லும் 2016-லும் அரும்பி, 2017-ல் முழு உருவம் பெற்ற ‘மிஸ்டிக்’ என்ற பாத்திரவகை இந்தப் பரீட்சையில் தேறவில்லை. காயம் ஆற்றுவதும் அவனே, கவசமாய் நிற்பதும் அவனே, நெஞ்சைப் படிப்பதும் நெருப்பை ஏவுவதும் அவனே என்றால் மற்றவர்கள் எதற்கு மேஜைக்கு வர வேண்டும்? 2020-ல் வெளியீட்டார் மிஸ்டிக்கைக் கைவிட்டு, அவ்வாண்டு நவம்பரில் வந்த ‘டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்’ என்னும் நூலில், வீரன், திருடன், மந்திரவாதி மரபினர் ஆகிய பழைய வகைகளின் உட்பிரிவுகளாக மனோசக்தியைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். கலகம் தணிந்தது, ஆனால் தனிக்குடித்தனம் வேண்டிக் காத்திருந்தவர்களுக்குத் திண்ணையில் இடம் கிடைத்த கதையாயிற்று.

2025 மே மாதத்தில் ‘சயான்’ என்ற தனிப் பாத்திரவகை வரைவாக மீண்டும் வந்தபோது, பழைய பிளவு புதிய உருவில் தலைகாட்டிற்று. இந்தச் சயான் மந்திரவாதியைப் போலவே மந்திரங்களைப் பிரயோகிக்கிறான். அதோடு, எண்ணிக்கையில் அடங்கியதும் பெரும்பாலும் ஓய்வெடுத்தே மீள்வதுமான மனோசக்திப் பகடைகள் சில அவன் கைவசம் உண்டு. ஒரு சாரார் மகிழ்ந்தனர்: பழகிய விதிகள், அறிந்த வரம்புகள், ஆகவே மிஸ்டிக்கின் அத்துமீறல் இராது என்பது அவர்கள் சமாதானம். மறுசாரார் சோர்ந்தனர்: மந்திரமே ஓதுவதானால் இவன் வேறு உடை தரித்த மந்திரவாதியன்றி வேறு யார், புள்ளிகளைச் செலவிட்டுச் சக்தியைப் பெருக்கும் தனிவழி எங்கே போயிற்று என்பது அவர்கள் மனக்குறை.

இரு சாராரும் ஒரே விஷயத்தையே இரு முனையிலிருந்து பற்றி இழுக்கிறார்கள் என்று தோன்றுகிறது. முன்னவர் கேட்பது விலை உண்டா என்று. பின்னவர் கேட்பது அந்த விலை சொந்த விலையா, மந்திரவாதியிடமிருந்து இரவல் வாங்கியதா என்று. என் அபிப்பிராயத்தில், சயானின் எதிர்காலம் அவன் ஓதும் மந்திரங்களைப் பொறுத்ததன்று. அவனுக்கே உரிய அந்தச் சில பகடைகளைப் பொறுத்தது. அவற்றை வீசும்போது எதையோ இழக்கிறோம் என்ற உணர்ச்சி ஆடுபவனுக்கும் பார்ப்பவர்க்கும் உண்டாகுமானால், தனிப் பாத்திரவகை என்ற அந்தஸ்து அவனுக்குத் தானே வந்து சேரும்.

அதுவரை, தங்கள் மேஜையில் இவனை அனுமதிக்க எண்ணுவோர் முதல் பகடை உருளுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லிக்கொள்வது உத்தமம். மந்திரத்தைத் தடுக்கும் தடை இவன் சக்தியையும் தடுக்குமா? இவன் சக்தியைப் பிரயோகிப்பது எதிரில் இருப்பவனுக்குத் தெரியுமா? தீர்ந்துபோனபின் இவன் கதி என்ன? இம்மூன்றையும் பேசி முடித்துவிட்டு ஆடும் மேஜையில் வீரனும் திருடனும் அவனைத் தோழனாக ஏற்கிறார்கள். பேசாமல் தொடங்கும் மேஜையில் பூதம் வருவதற்கு முன்பே அவன் மீதுதான் எல்லார் கண்ணும் சிவக்கிறது.